சூளைக்குப் போகாத கோப்பை

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட் வாசலில் இருக்கிற பாவாடையின் டீக்கடையில் ஒரு டீ சொன்னால் போதும். அது ஆறுவதற்குள் உலகக் கால்பந்துச் சங்கத்தையே கலைத்துவிட்டுப் புதுச் சங்கம் அமைத்துவிடலாம். இந்த வேலையை நாள் தவறாமல் பார்த்து வந்தவர் குருமூர்த்தி. ஃப்யூஸ் கட்டையும் கொலு பொம்மையும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பு அவர்தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பந்தை உதைத்து எத்தனையோ வருஷமாயிற்று, முட்டி ஒத்துழைப்பதில்லை. ஆனால் அபிப்பிராயத்துக்கு முட்டிவலி கிடையாதே.

"கோடு போட்டுப் பாக்குறானாம் கோடு! கட்டைவிரலு நீட்டிக்கிட்டு இருந்துச்சாம், ஆஃப்சைடாம். அப்ப நகம் வெட்டிக்கிட்டுத்தான் கிரவுண்டுல எறங்கணுமா பாவாடை?" என்பார் ஒரு நாள். மறுநாள் ஹேண்ட்பால். "பந்து போயி கையில பட்டுதா, கை போயி பந்துல பட்டுதா, அதைப் பாரு மொதல்ல. பக்கத்துல நின்னு அடிச்சா அவன் கையைக் கழட்டியா வச்சிட்டு வருவான்?" அதற்கடுத்த நாள், ஓய்வே கொடுக்காமல் வருஷம் பூராவும் ஆட்டக்காரர்களைச் சக்கையாகப் பிழிவதைப் பற்றி. பாவாடைக்குப் பந்து உருண்டை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. இருந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டே வடையைத் திருப்பிப் போடுவார்.

எல்லாவற்றையும்விட அவருக்கு ரத்தம் கொதித்தது ஒரு விஷயத்துக்குத்தான். சில வருஷத்துக்கு முன்பு ஐரோப்பாவில் பணக்கார கிளப்புகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்கென்று தனியாக ஒரு லீக் ஆரம்பிக்கப் பார்த்தன, ஞாபகமிருக்கும். அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை. அவரும் அடங்கவில்லை. "யாரு ஜெயிப்பான்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டு ஆடுனா அதுக்குப் பேரு ஆட்டமாய்யா? பேரு தெரியாத டீமு ஒண்ணு வந்து பெரிய டீமைப் போட்டு அடிக்கும் பாரு, அதுக்குப் பேருதான் ஃபுட்பாலு!" என்று பெஞ்சில் தட்டுவார். கண்ணாடி டம்ளர்கள் குலுங்கும்.

வாய்ச்சொல் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. மனசாரத்தான் சொன்னார். ஊரில் அவருக்கு இருந்த மதிப்பும் அதனால்தான் வந்தது. ஒவ்வொரு வருஷமும் நடக்கிற மணிமுக்தா கோப்பைப் போட்டிக்குக் கோப்பை செய்து தருவது அவர்தான். தகரத்துக்கு முலாம் பூசிய கடைக்கோப்பை இந்த ஊருக்கு எதற்கு? களிமண்ணில் வார்த்து, காயவைத்து, ஜெயித்த அணியின் பேரைக் கலரில் எழுதி, மேலே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுக் கொடுத்துச் சூளையில் வேகவைத்த கோப்பை அது. வெந்த பிறகு பேரை எழுதினால் பெயிண்டு மாதிரி உரிந்து போகும். வேகுமுன் எழுதினால்தான் சாகும்வரை நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சூளை எரிந்து ஆறுவதற்கே நாலு நாள் பிடிக்கும். ஃபைனல் முடிந்த பிறகு பேரெழுதிக் கொண்டிருக்க முடியாது. அதனால் ஃபைனலுக்கு வந்த இரண்டு அணிகளின் பேரிலும் ஆளுக்கொரு கோப்பை செய்துவிடுவார். ஜெயித்தவர்கள் கோப்பை மேடைக்குப் போகும். தோற்றவர்கள் கோப்பையை மறுநாள் யாரும் பார்க்காமல் கம்பெனிக்குப் பின்னால் கொண்டுபோய் உடைத்து உடைசல் குவியலில் போட்டுவிடுவார். ஊருக்கே தெரிந்த வழக்கம் இது. "குருமூர்த்தி அண்ணன் ரெண்டு பேரையும் எழுதி வச்சிருப்பாரு, அவருக்கு ரெண்டு டீமும் ஒண்ணுதான்" என்று மைக்கில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

இந்த வருஷம் முதல் தடவையாகப் பெண்கள் பிரிவும் வைத்தார்கள். அதன் ஃபைனலுக்கு வந்தவை இரண்டு. ஒன்று கடலூரிலிருந்து வந்த அகாடமி அணி. தனி வேன், கோச், முழங்கால் வரை ஒரே நிற சாக்ஸ். இன்னொன்று கம்மாபுரம் பக்கத்து அணி. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம் மாறி வந்த குடும்பங்களின் பெண்கள். பாதிப் பேர் காலில் பூட்ஸ் கிடையாது. அந்த அணியின் கோல்கீப்பர் வேல்விழி. அவளுடைய அம்மா பூவாயி, குருமூர்த்தியிடம்தான் வேலை பார்க்கிறாள். காய்ந்த சாமான்களைச் சூளை வண்டியில் அடுக்குவது அவள் வேலை.

அந்த வாரம் ஃப்யூஸ் கட்டைக்கு அவசர ஆர்டர் ஒன்று வந்திருந்தது. வண்டி நிறைந்துவிட்டது. ஆண்கள் ஃபைனல் கோப்பை இரண்டு, பெண்கள் ஃபைனல் கோப்பை இரண்டு என்று நாலையும் மேல்தட்டில் வைத்திருந்தாள் பூவாயி. தரையில் இன்னும் ஒரு தட்டு ஃப்யூஸ் கட்டை ஏற்றாமல் மிச்சமிருந்தது. குருமூர்த்தி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கம்மாபுரம் என்று எழுதியிருந்த கோப்பையைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"இது எதுக்கு, எடத்தை அடைச்சிக்கிட்டு. இவங்க எங்க ஜெயிக்கப் போறாங்க? பேரைச் சொரண்டிட்டு தொட்டியில போட்டுடு பூவாயி. மண்ணாவது மிச்சமாவும்."

வேகாத கோப்பை தொட்டியில் கரைந்து மறுபடி மண்கூழாகிவிடும். கலர் பட்ட இடத்தைச் சுரண்டாமல் போட்டால் அந்தக் கூழ் முழுக்கக் கறைபடும். அதற்காகச் சொன்னது. வேல்விழி யாருடைய மகள் என்பது அவருக்குத் தெரியாததில்லை. அந்த நேரத்தில் அது அவர் நினைப்பிலேயே வரவில்லை. பின்னால் அவரை அதிகமாக அறுத்தது அதுதான். வேண்டுமென்றே சொல்லியிருந்தாலாவது கெட்டவன் என்று தன்னைத் திட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

"சரிங்கண்ணா" என்றாள் பூவாயி. தகட்டை எடுத்துப் பேரைச் சுரண்டினாள். கோப்பையைத் தொட்டியில் இறக்கினாள். அது கரைகிறவரை அவள் அங்கேயே நின்றிருந்தாளா என்றுகூட அவர் பார்க்கவில்லை. ஃப்யூஸ் கட்டையை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். மேடையில் துண்டு போட்டு மூடிய கோப்பைகளுக்குப் பக்கத்தில் குருமூர்த்திக்கு நாற்காலி. முதலில் பெண்கள் ஃபைனல். பாதி ஆட்டம் முடிகிற வரை அவர் உல்லாசமாகத்தான் இருந்தார். அதற்கப்புறம் கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி நடுவிலிருந்து ஓங்கி அடித்த பந்து, அகாடமி கீப்பரின் தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. மைதானமே எழுந்து நின்றது. பேர் தெரியாத அணி வந்து பெரிய அணியை அடிக்கிறது! எத்தனை நாள் பெஞ்சைத் தட்டித் தட்டிக் கேட்ட ஆட்டம் இது. ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. துண்டுக்கு அடியில் இருப்பது யார் பேர் என்று அவருக்கல்லவா தெரியும்?

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அகாடமி அடித்த பந்து, பக்கத்திலேயே நின்ற கம்மாபுரத்துப் பெண்ணின் கையில் பட்டது. கை உடம்போடு ஒட்டித்தான் இருந்தது. ரெஃப்ரி விசிலை ஊதினார். போட்டிச் செயலாளர் நல்லமுத்து சட்டென்று இவர் பக்கம் திரும்பி, "ஏண்ணே, நீங்க சொல்லுங்க, இது பெனால்டியா?" என்று கேட்டார்.

"பெனால்டிதான்" என்றார் குருமூர்த்தி.

சொல்லிவிட்டு அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டீக்கடைச் சட்டப்படி அது பெனால்டியே இல்லை. அகாடமி ஒரு கோல் போட்டுத் தொலைக்கட்டும், எப்படியாவது ஜெயித்துத் தொலைக்கட்டும் என்று விருத்தகிரீஸ்வரரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனுஷர். அகாடமிப் பெண் பெனால்டியை அடித்தாள். வேல்விழி இடது பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள். கடைசி விசில் ஒலித்தது. கம்மாபுரம் ஜெயித்துவிட்டது.

"கோப்பையை எடுங்கண்ணே" என்று மைக்கில் கூப்பிட்டார் நல்லமுத்து. கால்களில் புழுதியோடு பதினோரு பெண்களும் மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். குருமூர்த்தி எழுந்தார். துண்டின் நுனியைப் பிடித்தார், விட்டார். மைக்கை வாங்கினார்.

"கம்மாபுரம் கோப்பை... சூளையிலயே வெடிச்சிட்டுது. வெளியில எடுக்கும்போதே துண்டு துண்டாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் பண்ண முடியலை."

கூட்டம் ஐயோ என்றது. வெடிப்பது உண்டுதான், செராமிக் ஊரில் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். வேல்விழி மட்டும் கூட்டத்தில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாவாம்மா?"

குருமூர்த்தியும் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தைதான். இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் அந்த மேடையிலேயே அவர் கதை முடிந்திருக்கும். இவ்வளவு வருஷத்து மதிப்பு, டீக்கடை நாட்டாமை எல்லாம் அதோடு போயிருக்கும்.

"ஆமாம். நான்தான் எடுத்தேன். வெடிச்சிடுச்சு" என்றாள் பூவாயி.

நல்லமுத்து ஆளுக்கொரு துண்டு போர்த்திக் கைதட்ட வைத்து அனுப்பிவிட்டார். எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டபோது வேல்விழி அவரிடம் வந்தாள்.

"மாமா, அந்த ஒடைஞ்ச துண்டை வச்சிருக்கீங்களா?"

"எதுக்கும்மா அது? புதுசா ஒண்ணு செஞ்சே குடுத்துடறேன். இதைவிடப் பெருசா."

"புதுசு வேணாம் மாமா. ஜெயிச்ச பெறகு யாரு வேணும்னாலும் எழுதுவாங்க. நீங்க ஆட்டத்துக்கு முன்னாடியே எங்க பேரை எழுதுனீங்க இல்ல? பேரு இருக்கிற துண்டு மட்டும் போதும், நாங்க வச்சிக்கிறோம்."

குருமூர்த்தி தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் சூளைக்கு முன்னால் பூவாயியைத் தனியாகப் பார்த்தார். அவள் எப்போதும்போல் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"உங்களுக்காகச் சொல்லலைங்கண்ணா. எங்க பேரையும் ஒருத்தரு எழுதி வச்சாருன்னு எம்பொண்ணு நெனைச்சிக்கிட்டு இருக்குது. வூட்டுல பூரா அதே பேச்சுதான். அது அப்படியே நெனைச்சிக்கிட்டுப் போவட்டும்."

"தப்புதாம்மா. நான் பேசுனது..."

"ஒடைஞ்ச துண்டு கேட்டுச்சாமே. குடுத்துடுங்க."

ஒரு சத்தமும் இல்லை, கோபமும் இல்லை. நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் அவர் நிம்மதியாக ஒரு டீ குடித்திருப்பார். அன்றைக்குப் பாவாடை, "என்னண்ணே, நேத்து கம்மாபுரம் அடிச்ச அடி! நீங்க சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, அதே மாதிரி நடந்துச்சு பாருங்க" என்று டம்ளரை நீட்டினார். குருமூர்த்தி வெட்கத்தில் கூனிப்போய், டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அந்த வாரம் முழுக்க அந்தப் பெஞ்சில் ஆஃப்சைடும் இல்லை, ஹேண்ட்பாலும் இல்லை.

பூவாயி சொன்ன அன்றே மண் வார்த்தார். காய்ந்ததும் கம்மாபுரம் என்று எழுதினார். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வண்டியில் மேல்தட்டில் நடுவிலே வைத்தாள் பூவாயி. இந்தத் தடவை அவர் எதையும் இறக்கவில்லை. சூளை எரிந்த நேரமெல்லாம், இது தானாக வெடித்துவிடக்கூடாதா என்றுதான் அவர் மனசு அடித்துக்கொண்டது. சொன்ன பொய்யை நெருப்பாவது உண்மையாக்கட்டும் என்று பார்த்தார்.

சூளை திறந்தபோது கோப்பையில் ஒரு கீறல் கிடையாது. இத்தனை வருஷத்தில் அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல கோப்பை. பால் மாதிரி வெள்ளை, அதன்மேல் நீலத்தில் கம்மாபுரம். பூவாயி சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேரின் மேல் ஒரு விரலை ஓட்டினாள். பிறகு இரண்டு பேரும் கம்பெனிக்குப் பின்னால் போனார்கள்.

வருஷா வருஷம் தோற்றவர்கள் கோப்பையை வைத்து உடைக்கிற அதே கல். அதன்மேல் கோப்பையை அவளே வைத்தாள்.

"பூவாயி, முழுசாவே குடுத்துடலாம். உண்மையைச் சொல்லிடறேன். நானே வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன்."

"வேணாங்கண்ணா. பேரு மேல படாம அடிங்க."

குருமூர்த்தி சுத்தியலை ஓங்கினார். முதல் அடிக்குக் கோப்பை உடையவில்லை. நன்றாக வெந்திருந்தது, அவர் அடித்ததும் மெல்லத்தான்.

"இன்னும் கொஞ்சம் ஓங்கி அடிங்கண்ணா" என்றாள் பூவாயி.