தோட்டத்துத் திருவிழாவில் ஸ்கா

ஸ்கா என்று ஓர் இசை இருப்பதே எனக்குத் தெரியாது. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் என் அண்ணன் எங்கள் புந்தோங் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு கேசட் வாங்கி வந்தான். அட்டையில் கறுப்புக் கோட்டும் ஒல்லி டையும் போட்ட ஆட்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஏதோ ஒப்பாரி போலிருக்கிறது என்று நினைத்து நான் பாட்டுக்கு வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கேசட் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு வீடு பாதிதான் கூட்டப்பட்டது.

அண்ணன் அப்போது ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு, பிறந்தநாள் வீட்டில் சினிமாப் பாட்டு, அவனுக்கு அலுத்துப் போயிருந்தது. அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டுவிட்டு ஒரு நாள் எனக்குப் பாடம் எடுத்தான்.

"தாளம் விழற எடத்துல கிட்டார அடிக்கக் கூடாது. தாளம் காலைத் தூக்குதுல்ல, அந்தச் சந்துல அடிக்கணும். அங்கதான் இருக்கு லா எல்லாம்."

எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அவன் விரல் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே என் முழங்கால் கண்டுபிடித்துவிட்டது. ஸ்கா ஆட்டம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முன்னால் லேசாகக் குனிய வேண்டும். கைகளை மடக்கி முன்னும் பின்னும் வீச வேண்டும். முழங்கால்கள் மாறி மாறி மேலே வர வேண்டும். ஓடுவது போல இருக்கும், ஆனால் நின்ற இடத்திலேயே நிற்போம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளைப் பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து நிறுத்தியது மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

ஸ்காவுக்கு ஊதுகுழல் இல்லாமல் முடியாது. அண்ணன் தேடிப் பிடித்து, சின்ன வயதிலிருந்தே எங்களுக்குத் தெரிந்த ஒருவரையே கூட்டி வந்தான். பள்ளிக்கூட பேண்டில் ட்ரம்பெட் கற்றவர், டயர் கடையில் வேலை. ஊதினால் இரண்டு கன்னமும் பணியாரம் மாதிரி உப்பும். நான் சட்டை தைக்கிற கிலாங்கில், ஒரு சின்னத் தொழிற்சாலையில், வேலை செய்தேன். அங்கே மிஞ்சிய கறுப்புத் துணியில் குழுவில் எல்லோருக்கும் ஒல்லி டை தைத்துக் கொடுத்தேன். ட்ரம்பெட்காரருடையதை மட்டும் கழுத்தளவு சரியில்லை என்று சொல்லித் திரும்பத் திரும்ப வாங்கிப் பிரித்துத் தைத்தேன். டைக்கு ஏது கழுத்தளவு? அவரும் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஈப்போ டவுனில் ஒரு மண்டபத்தில் டீ டான்ஸ் நடக்கும். பேர்தான் டீ, கொடுப்பது ஆயர் சிராப், ஐஸ் போட்ட ரோஸ் நிறச் சர்க்கரைத் தண்ணீர். அண்ணன் குழுவுக்கு அங்கே வாசிக்க இடம் கிடைத்தது. "நான் பாத்துக்கிறேம்மா" என்று அம்மாவிடம் சொல்லி என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவான். மேடையில் நின்று கிட்டார் வாசிப்பவன் கீழே இருப்பவளை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று அம்மா கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கேசட்டில் கேட்பது வேறு, எதிரே நின்று கேட்பது வேறு. ட்ரம்பெட் முதல் வரியை ஊதியதும் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். பலகைத் தரை அதிரும். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நாங்கள், யாருக்கும் யார் பேரும் தெரியாது, ஆனால் எல்லோர் முழங்காலும் ஒரே நேரத்தில் மேலே வரும். வாரம் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்தே கிடந்த என் முதுகு, அங்கேயும் குனிந்துதான் இருந்தது, ஆனால் வலிக்கவே வலிக்காது. வேர்த்துக் கொட்டும். சிரித்துச் சிரித்துத் தாடை நோகும். அந்த ஞாயிறுகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

டை விஷயம் எங்கே போய் முடியுமோ அங்கே போய் முடிந்தது. ட்ரம்பெட்காரர் தன் அம்மாவிடம் என்னைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

அவர் அம்மாவை நான் சின்ன வயதிலிருந்தே அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு குடும்பமும் கோலா கங்சார் போகிற வழியில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு புந்தோங்குக்கு வந்துவிட்டோம். மாரியம்மன் கோயிலும் சில லயத்து வீடுகளும் மட்டும் அங்கே மிச்சம். வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு எல்லோரும் பஸ் பிடித்துப் போவோம்.

அத்தை தங்கமானவர். ஆனால் எதையும் தானாக முடிவு செய்ய மாட்டார். திருவிழாவில் யார் மேலாவது அருள் வந்து ஆடினால், தட்டோடு முன்னால் போய் நின்று உத்தரவு கேட்பார். தோட்டத்தை விட்டுப் போகலாமா என்று அப்படித்தான் கேட்டார். பிரிட்ஜ் வாங்கலாமா என்பதையும் அப்படித்தான் கேட்டார். பிரிட்ஜுக்கு ஆத்தா உடனே சம்மதித்தாளாம்.

"ஆத்தா உத்தரவு குடுக்கட்டும். குடுத்தா தாலி. இல்லேன்னா வேற பொண்ணு" என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிட்ஜும் நானும் ஒரே வரிசையா? ஆனால் கோபப்பட்டு என்ன செய்ய? அவர் அம்மா பேச்சைத் தட்டமாட்டார். திருவிழா வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

திருவிழாவும் வந்தது. தோட்டத்தில் வழக்கமாக அருள் வருவது கடைசி லயத்து அக்காவுக்குத்தான். அந்த வருடம் பார்த்து அவர் மகளின் பிரசவத்துக்காக சிம்பாங் பூலாய் போய்விட்டார். கரகம் வந்தது, பால்குடம் வந்தது, உறுமி மேளம் காதைக் கிழித்தது. யார் மேலும் சாமி வரவில்லை. அத்தை வேப்பிலையும் விபூதியும் எலுமிச்சம்பழமும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு காலையிலிருந்து கோயில் வாசலிலேயே நின்றார். நான் தூரத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த திருவிழாவுக்குள் வேறு இடத்தில் பேசி முடித்துவிடுவார். பேரா மாநிலத்தில் பெண்ணுக்கா பஞ்சம்!

சாப்பாட்டுக்குப் பிறகு கலை நிகழ்ச்சி. கோயிலுக்கு எதிரே போட்ட மேடையில் அண்ணன் குழு ஏறியது. முதலில் பக்திப் பாட்டுப் பாட வேண்டும், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று கோயில் தலைவர் சொல்லியிருந்தார். பக்திப் பாட்டை நல்ல பிள்ளைகளாக வாசித்து முடித்துவிட்டு, எல்லோரும் டையைச் சரி செய்துகொண்டு ஸ்காவைத் தொடங்கினார்கள். மரத்தடியில் படுத்திருந்த உறுமி மேளப் பையன்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. எழுந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். ட்ரம்பெட்டோடு உறுமி! அப்படி ஒன்றை நான் ஈப்போவில்கூடக் கேட்டதில்லை.

கவலையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. என் கால் என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு குனிந்து ஆடினேன். முழங்கால் பறந்தது. கூந்தல் அவிழ்ந்தது. திருவிழாவுக்கென்று கட்டியிருந்ததோ மஞ்சள் சேலை. கோயில் வாசல், உறுமிச் சத்தம், மஞ்சள் சேலை, விரிந்த தலை. பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். குலவை எழுந்தது. ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் என் தலையில் வந்து விழுந்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே தட்டோடு அத்தை. மேடையில் பாட்டு நின்றது. உத்தரவு கேட்கிற நேரம் என்று உறுமியும் அடங்கியது.

அத்தை என் நெற்றியில் விபூதி பூசினார்.

"தாயே, காலையிலேருந்து காத்துக் கெடக்கேன். ஒரே ஒரு கேள்விதான். நீ எறங்கியிருக்கியே இந்தப் புள்ள, இவள எம்மவனுக்குக் கட்டலாமா?"

என்னைக் கட்டலாமா என்று என்னிடமே கேட்கிறார்! மேடையில் அண்ணன் 'ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு' என்று தலையைத் தலையை ஆட்டினான். ட்ரம்பெட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்கை மடித்து ஓர் உறுமல், ஒரு தலையாட்டல், அவ்வளவு போதும். கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

பொய் சொல்ல எனக்கு வராது என்பதில்லை. ஆனால் அது நான் ஆடிய ஆட்டம். ஞாயிறு தவறாமல் வேர்க்க வேர்க்க ஆடிப் பழகியது. அதை இன்னொருவர் கையில், அது ஆத்தாவாகவே இருந்தாலும், தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. அதோடு, இன்றைக்குச் சாமியாகிவிட்டால் அந்த வீட்டில் நான் என்றைக்கும் சாமியாகத்தான் ஆட வேண்டும்.

"சாமி வரல அத்த" என்றேன். "நான்தான். பாட்டு நல்லா இருந்துச்சு, ஆடிட்டேன்."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

"என்னையப் பத்தி எங்கிட்டயே கேளுங்க. எனக்கு உங்க மவனப் புடிச்சிருக்கு."

"கொழுப்பப் பாத்தியா!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. என் மூக்கிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அழுகை வந்தது. நல்லவேளை, முகம் முன்பே நனைந்திருந்தது.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இன்னும் கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"சாமி வராமலே இப்படி ஆடலாமா, புள்ள?"

"ஆடலாம் அத்த."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. பாட்டுச் சத்தத்துல கேக்காது."

அவர் கோயிலைத் திரும்பிப் பார்த்தார்.

"கல்யாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்ததுலேருந்து தட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். யார் யார் மேலயோ வந்துச்சு. எம்மேல ஒரு தடவகூட வரல" என்றார்.

உத்தரவு கேட்கத்தான் அவர் வருடா வருடம் அங்கே நிற்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த நிமிடத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அத்தை தட்டை என் கையில் கொடுத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். மேடைப் பக்கம் திரும்பி, தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி மகனை அதட்டினார்.

"ஏன்டா நிறுத்திட்ட? ஊது! மருமவ ஆடறப்ப மாமியாக்காரி பாத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

மகன் ஊதினார். அத்தை குனிந்து, கைகளை மடக்கி, முழங்காலைத் தூக்கினார்.