பூண்டு குடியேறிய கூடாரம்

மாலை மூன்று நாற்பதுக்குப் பூம்பாறையில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, ஒரு ஜீப்பின் முன்மூடி மேல் காயப்போட்டிருந்த பூண்டு. தாளோடு பிடி பிடியாகக் கட்டியிருந்தது. ஜீப்காரர் முருகேசன் அதை அள்ளிப் பின்னிருக்கையில் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். நாங்கள் தங்கப்போகும் ஓடைக்கரை முகாம் அவருடையது. பூண்டு விவசாயியான அவருக்குக் கூடாரத் தொழிலில் இது முதல் வருடம்.

என்னோடு வந்தவர் பழனியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் ரஷீத். காட்டில் தங்குவது இருவருக்குமே முதல் தடவை.

"கரடி கிரடி வருமாண்ணே?" என்றார் ரஷீத்.

"காட்டுமாடுதான் வரும் பாய். தண்ணியக் குடிச்சுட்டுப் போயிரும். நம்ம சோலிக்கு வராது."

மூன்று கிலோமீட்டர் மண்பாதையைக் கடக்க அரைமணி நேரம் ஆனது. படிப்படியான வயல்கள் முடிந்து மரங்கள் நெருங்கின. வண்டி நின்றதும் ஓடைச் சத்தம் கேட்டது. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடையில் இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கற்களின் நிறம்கூடத் தெரிந்தது. குளிர் எலும்பைத் தொட்டது. ரஷீத் சட்டையோடு உட்கார்ந்து கூச்சல் போட்டார்.

கரையில் மூன்று கூடாரங்கள். சாப்பாட்டோடு ஆளுக்கு எண்ணூறு ரூபாய். மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. சற்று மேட்டில் உணவுக்கூடம்: மண்சுவர், தகரக்கூரை, இரண்டு புது மேசைகள். கூரைக்கடியில் குறுக்கே போன கம்புகளும் சுவர்களும் கன்னங்கரேலென்று இருந்தன.

"இது புகைக்கொட்டாயிங்க" என்றார் முருகேசனின் மனைவி செல்வி. விதைக்கு எடுத்துவைக்கும் பூண்டை அந்தக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை காட்டுவார்கள். புகை குடித்த பூண்டு அடுத்த நடவுவரை கெடாது. இந்த வருடம் விருந்தாளிகள் உட்கார வேண்டுமென்று முருகேசன் கொட்டகையைக் காலி செய்துவிட்டார். விதைப்பூண்டு முழுவதும் கீழே, கூடாரங்களுக்கு அருகே, தார்ப்பாயில் கிடந்தது.

"மார்ச் வெயிலு போதும்ல" என்றார் அவர்.

"ஆமா, வெயிலு இவரு போன் போட்டா வரும்" என்றார் செல்வி.

ஐந்தரை மணிக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. எதிர்க்கரை மறைந்தது. முதல் துளி தேநீர் டம்ளரில் விழுந்தபோது செல்வி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பூண்டு! வெரசா வாங்க!"

நால்வரும் ஓடினோம். கொட்டகை மேட்டில் இருந்தது, கூடாரங்களோ பக்கத்திலேயே இருந்தன. ரஷீத் ஒரு கை நிறைய அள்ளி எங்கள் கூடாரத்துக்குள் எறிந்தார். "மொதல்ல பூண்டு ஏறட்டும்! ஆளுங்க அப்புறம்!" நான் என் கம்பளிப் போர்வையில் மூட்டை கட்டி இழுத்தேன். சேறு, மழை, பூண்டு நெடி. வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் வேலை பார்த்ததில்லை. கடைசிப் பிடி உள்ளே போனபோது நால்வரும் காரணமில்லாமல் சிரித்தோம்.

மழை விட்டது. பாதிப் பூண்டு நனைந்திருந்தது. இப்படியே குவிந்து கிடந்தால் அழுகிவிடும். முருகேசன் கொட்டகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"கெஸ்ட்டு சாப்பிடணுமே..."

"விதை அழுகுனா வைகாசில எதை ஊண்டுவீங்க? மேசையையா?" என்றார் செல்வி.

ரஷீத் மேசையின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை நான் பிடித்தேன். இரண்டு மேசைகளும் வெளியே போயின. நான் உயரம் என்பதால் கம்பில் கட்டும் வேலை எனக்கு வந்தது. எங்கள் இரவு நெருப்புக்கு வைத்திருந்த விறகு கொட்டகைக்குள் எரிந்தது. வாசலில் நின்றபடி, கண்ணில் நீர் வழிய, சோறும் பூண்டுக்குழம்பும் சாப்பிட்டோம். ரஷீத் மூன்று முறை வாங்கினார்.

"கடையில இதே பூண்டைத்தாங்க விக்கிறாங்க, இந்த ருசி இல்லையே" என்றார்.

"அதை ஓடி அள்ளிருக்க மாட்டீங்க" என்றார் செல்வி.

விடிந்ததும் கூடாரத்தைத் திறந்தேன். இரண்டடி தள்ளி ஈரமண்ணில் காட்டுமாட்டின் குளம்புத் தடம், என் உள்ளங்கையை விடப் பெரியது, நேரே ஓடைக்கு இறங்கியிருந்தது. ரஷீத்தை உலுக்கி எழுப்பினேன். இருவரும் மண்டியிட்டுப் பார்த்தோம்.

கொட்டகையில் முருகேசன் ஒரு பூண்டை உடைத்து, விரலால் அழுத்தி, முகர்ந்து பார்த்தார். செல்வியிடம் நீட்டினார். அவரும் அழுத்திப் பார்த்துவிட்டு, "பொழச்சுக்கிரும்" என்றார்.

ஒன்பது மணிக்கு ஜீப் கிளம்பியது. இரண்டு மேசைகளும் ஓடைக்கரை மரத்தடியில் போடப்பட்டிருந்தன.