டேங்க்கை நிறுத்திய மரங்கள்

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இயந்திரம் எங்கே நின்றாலும் தன்னால்தான் நின்றது என்று அவனுக்குத் தோன்றும். நடத்திப் பார்த்தவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

2004-ல் சின்னமனூரில் ஐந்து பழைய மிஷின்களை வாங்கிப் போட்டுத் தொடங்கினேன். டைப் அடிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் ஆட்கள் வந்தார்கள்தான். ஆனால் கடை பிழைத்தது பீரங்கி டேங்க் ஓட்டும் ஒரு விளையாட்டால். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், நூல் மில் எலக்ட்ரீஷியன் ஆரோக்கியம் நண்பர்கள் நால்வரோடு நேரே இங்கே வந்துவிடுவார். அந்த ஐந்து பேரும் நின்றுவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

முருங்கை அளவு மரம்

ஒருநாள் ஆரோக்கியத்தின் டேங்க் சரிவில் முழு வேகத்தில் இறங்கியது. கை தடிமன்கூட இல்லாத ஒரு மரத்தில் மோதி அப்படியே நின்றது. எதிரி நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டான். "மிஷின் இழுக்கலையோண்ணே?" என்று ஆரோக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய மிஷின்தான் காரணமோ என்று நான் குனிந்து வயர்களை அழுத்திப் பார்த்தேன்.

மனு டைப் அடிக்க வந்திருந்த ஓடைப்பட்டி திராட்சை விவசாயி ஒருவர் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுப் பெரிய வண்டி, முருங்கை மரம் கணக்கா இருக்கிற ஒண்ணுக்கு நின்னுருச்சே! என் டிராக்டரக் கொண்டாரவா?"

நிஜ டேங்க் ஓட்டியவர்

அனுமந்தன்பட்டியில் ராணுவத்தில் டேங்க் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். ஏதோ படிவம் நிரப்ப வந்தவரை விளையாட்டில் உட்கார வைத்தேன். நிஜத்திலும் இப்படித்தான் நிற்கும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு நிம்மதி.

அவர் டேங்க்கை மரக்கூட்டத்துக்குள் விட்டார். பீரங்கிக் குழாய் அடிமரத்துக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. வண்டி மட்டும் நகரவில்லை. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தம்பி, எங்க வண்டி மரத்தச் சாய்ச்சிட்டுப் போயிரும், குழாய் இடிச்சிருமோன்னுதான் பயப்படுவோம். இங்கன குழாய் போயிருது, வண்டி நிக்குதே!"

காணாமல் போன காடு

அவர் சிரிப்பை என் மிஷின்கள் மீதான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டேன். ஐந்தையும் திறந்து தூசி தட்டினேன். மெமரி கூட்டினேன். தெரியாத தொழிலில் இறங்கியது தப்போ என்று என்னையே குடைந்துகொண்டேன். கடைசியில் விளையாட்டின் செட்டிங்கில் மரங்களைக் குறைக்கும் இடம் ஒன்று கண்ணில் பட்டது. அடியோடு குறைத்தேன். காடு பொட்டலானது, படம் தண்ணீராக ஓடியது. அன்று ஒருநாள் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள், மேகமலைக்கு ஜீப் ஓட்டும் முருகன் விளையாடினார். வெட்டவெளியில் போய்க்கொண்டிருந்த டேங்க் திடீரென நின்றது. பின்னால் எடுத்தார், முன்னால் விட்டார், மறுபடி முட்டி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்தது மரத்தின் படத்தை மட்டும். மரம் அங்கேயேதான் இருக்கிறது! மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். முருகன் ஸ்டியரிங்கை விடுவதுபோல் மவுஸை விட்டார். "அண்ணே, தெரியிற மரம்னா சுத்திப் போயிருவேன். தெரியாத மரத்துக்கு எங்கன போயி ஹாரன் அடிக்க?"

தேனிக்குப் போன ஞாயிறு

மரங்களைத் திரும்ப வைத்தேன். ஆனால் அந்த ஞாயிறு ஆரோக்கியம் வரவில்லை. மற்ற நால்வரும் வரவில்லை. தேனியில் புதிதாகத் திறந்த சென்டருக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மிஷின்களை யார் தலையில் கட்டலாம் என்று யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த நேரம், ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள். தேனி எப்படி என்று கேட்காமல் ஐந்து மிஷின்களையும் ஆன் செய்தேன். ஆரோக்கியமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "எல்லாம் புது மிஷினு, ஏசி வேறண்ணே. அங்கனயும் டேங்க் போன வேகத்துல அதே மரத்துல போயி முட்டி நின்னுச்சு. அங்கன யாரத் திட்டுறது? இங்கனன்னா நீங்க இருக்கீக!"

தவறு என் மிஷினில் இல்லை என்று தெரிந்த நிம்மதியில், அன்று அவர்கள் திட்டித் தீர்த்த ஒவ்வொரு மரத்துக்கும் நானே சந்தோஷமாகப் பொறுப்பேற்றுக்கொண்டேன்.