திரும்பிக் கிடந்த பெயர்

திருவிதாங்கூர் தனி நாடாகவே நீடித்து, அதற்கென்று விமானப்படையும் இருந்திருந்தால்? அந்தக் கற்பனைப் படையின் விமானங்களுக்குத்தான் நான் வண்ணம் தீட்டுகிறேன். கணினியில் போர் விமானம் ஓட்டி விளையாடுபவர்கள் என் விமானங்களை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

நேற்றுப் புது விமானத்தைத் திரையில் சுழற்றினேன். இடப்பக்கம் 'குளச்சல்' என்று நான் அதற்கு வைத்த பெயர் சரியாக இருந்தது. அதே படம் வலப்பக்கமும் படிந்ததில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிக் கிடந்தன. சிரித்துவிட்டேன்.

சின்ன வயதில், வாப்பா புது வள்ளத்துக்கு 'மைமூன்' என்று என் பெயரை வைத்தார். தகரத்தில் எழுத்து வெட்டி, அதை வள்ளத்தில் வைத்து நீலப் பெயின்ட் அடித்தார். மறுபக்கம் எழுதும்போது தகரத்தையும் திருப்பி வைத்துவிட்டார். மீன் வாடையையும் மீறிப் பெயின்ட் மணத்தது, கடற்கரையே சிரித்தது. நான் அழுதேன்.

"அழிச்சிட்டு ஒழுங்கா எழுதும் மச்சான்," என்றார் மாமா.

"கெடக்கட்டு. எத்தன வள்ளம் வந்தாலும் எம் மவளுக்க வள்ளம் எதுன்னு தெரியும்லா!" என்றார் வாப்பா.

அப்படியேதான் ஆயிற்று. வள்ளங்கள் கரை திரும்பும்போது எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது என் பெயர்தான்.

நேற்று வலப்பக்கத்தை மட்டும் அழித்தேன். அங்கே 'மைமூன்' என்று எழுதி, வேண்டுமென்றே திருப்பி வைத்தேன்.