அண்ணன் பெயரில் ஒரு பூசை

அண்ணன் போன படகு திரும்பி வராத வருடம் அப்பா மாதா கோவிலுக்குப் போவதை நிறுத்தினார். அண்ணன் பெயரைச் சொல்லிப் பூசை வைக்கவும் விடவில்லை. "எடுத்துக்கினவருக்குப் பேரு தெரியாதா?" என்பார். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு.

சில வருடம் கழித்து அப்பா பக்கவாதத்தில் படுத்தார். ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோவிலிலிருந்து, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் ஒரு சிஸ்டர் நோயாளிகளின் வீட்டுக்கே, பூசையில் தரும் அப்பமான நன்மையைக் கொண்டுவருவார். அன்று நான் சாத்தாங்காடு இரும்புக் கடை வேலைக்குத் தாமதமாகத்தான் போவேன். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவத்தி ஏற்றி வைப்பேன். சிஸ்டர் நுழைந்ததும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"இன்னா சிஸ்டரம்மா, நான் வாணாம்னு சொல்லிக்கினே கீறேன், நீ வந்துகினே கீற?"

"வேண்டாம்னு சொல்றது உங்க வேலைப்பா. வர்றது என் வேலை."

ஒருமுறை சிஸ்டர் பைபிளிலிருந்து நீளமான திருப்பாடல் ஒன்றை வாசித்தார். பாலைவனத்தில் கடவுள் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு அவரையே ஏசிய ஜனங்களைப் பற்றியது. அவர்கள் மறந்தார்கள், முரண்டு பிடித்தார்கள். அவர் கோபப்பட்டார், பிறகு மறுபடி இரங்கினார். திரும்பத் திரும்ப அதேதான்.

"துன்னுட்டுத் திட்டினானுங்களா? நம்ம பேட்டை ஆளுங்கதான்," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. சிஸ்டர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "எம் புள்ளையத் திருப்பிக் குடுக்கச் சொல்லு. அப்பால வாங்கிக்கிறேன்."

சிஸ்டர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். அடுத்த மாதமும் வந்தார்.

மறுபடி வாதம் அடித்தபோது அப்பாவுக்கு விழுங்கும் சக்தி போய்விட்டது. மூக்கில் குழாய் போட்டார்கள். வாய் வழியாக ஒரு துளியும் கூடாது என்றார் டாக்டர். அதற்கு அடுத்த முதல் வெள்ளியன்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. சிஸ்டரைப் பார்த்து வாயைத் திறந்தார். நான்தான் டாக்டர் சொன்னதைச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை மாதமும் காலையில் இட்லி தின்றுவிட்டு நன்மையை மறுத்த வாய் அது.

சிஸ்டர் அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார். அப்பாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. "பெரியவனுக்கு... பூச..." என்று குழறினார்.

அன்றே பங்கு அலுவலகத்தில் அண்ணன் பெயரைக் கொடுத்தேன். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் நேராக அப்பாவிடம் வந்தேன்.

"பேரு... சொன்னாங்களா?"

"சொன்னாங்க நைனா. நல்லா சத்தமா."



"நான் காதால கேக்கலியேடா," என்றார்.