ஒரு காம்பரா, பகுதிச் சேதம்

1. கலஹாப் பாதை

புயல் கடந்து ஐந்தாம் நாள், கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். பேராதனையிலிருந்து போகும் பாதை பல இடங்களில் உடைந்து கிடந்தது. பஸ் போன மட்டும் பஸ்ஸில் போனேன். பிறகு தோட்டத்து லொறி. கடைசி இரண்டு மைலும் நடை. வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். என்னோடு வந்த கிராம உத்தியோகத்தர் இளம் பிள்ளை, பாவம், அதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

நான் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயர் பரீனா. திகனயில் பிறந்து, திகனயிலேயே வாழ்க்கைப்பட்டவள். சர்விஸ் முப்பது வருடத்தைத் தொடுகிறது. எங்கள் கந்தோரில் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே வாசலில் தமிழ்ச் சத்தம் கேட்டால் போதும், "பரீனா மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்" என்பார்கள். இந்த வேலைக்குத் தனியாக ஒன்றும் தருவதில்லை, ஆனால் பெருமை நிறைய உண்டு. அந்தப் பெருமைதான் என்னைக் குப்புறத் தள்ளியது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தக் கதையை மறைக்காமல் எழுதுகிறேன்.

2. கதிரையில் இருந்து எழுதியது

தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் மேல் மண் சரிந்ததால், லயத்துச் சனங்கள் தோட்டப் பாடசாலையில் இருந்தார்கள். பன்னிரண்டு குடும்பம், இரண்டு வகுப்பறை. மேசைகளை அடுக்கி நடுவே தடுப்பு வைத்திருந்தார்கள். எல்லாப் பக்கமும் ஈர உடுப்பு.

என் கையில் சேத விபரப் படிவம். அது சிங்களத்தில் இருந்தது. அதில் முக்கியமான கட்டங்கள் இரண்டுதான்: முழுச் சேதம், பகுதிச் சேதம். முழு என்று அடையாளம் போட்டால் பொறியியலாளர்கள் வந்து மேலே உள்ள மண்ணைப் பார்ப்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேறு காணியும் வீடும் கிடைக்க வேண்டும். பகுதி என்று போட்டால் திருத்தும் செலவுக்கு ஏதாவது கிடைக்கும், அவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பேனையின் ஒரு கீறலில் அவ்வளவும் இருந்தது.

ஆசிரியரின் கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதலில் வந்தவள் யோகேஸ்வரி. கொழுந்து பறிக்கிறவள், நாற்பது வயதிருக்கும். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள்.

"என்ன ஒடஞ்சீக்கி? செல்லுங்க."

"காம்பரா, மிஸ்."

"எத்தின காம்பரா?"

"ஒரு காம்பராதான் மிஸ். வேற என்ன இருக்கு எங்களுக்கு."

கடைசி வாக்கியத்தை வழமையான புலம்பல் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பெரிய காம்பரா, சின்னக் காம்பரா, சாமான் காம்பரா என்று மூன்று இருக்கின்றன. காம்பரா என்றால் அறை, அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது. சிங்களத்திலும் காமரய என்றால் அதுதான். 'ஓர் அறை' என்று எழுதி, பகுதி என்ற கட்டத்தில் கீறினேன். அடுத்தவர் மாரிமுத்து, அவருக்கும் ஒரு காம்பரா. அதற்கடுத்த சரோஜாவுக்கும் ஒரு காம்பரா. பன்னிரண்டு குடும்பத்துக்கும் சொல்லிவைத்தாற்போல ஓர் அறை மட்டும் எப்படி உடையும் என்ற கேள்வி எனக்கு வரவில்லை. கேள்வி ஒரே மாதிரி, பதில் ஒரே மாதிரி, வேலை சீக்கிரம் முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

படிவத்தின் அடியில் 'நேரில் பரிசோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். லயத்துக்குப் போகும் பாதை மண்ணால் மூடியிருந்தது. வழி திறந்ததும் வந்து பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டிலும் கையெழுத்து வைத்தேன். நினைத்ததோடு சரி. அடுத்த நாள் வேறு தோட்டம், அதற்கடுத்த நாள் வேறு இடம். ஓடிக்கொண்டே இருந்தேன்.

3. மத்தக் காம்பரா

இரண்டு வாரத்தில் பெயர்ப் பட்டியல் பாடசாலைச் சுவரில் ஒட்டப்பட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியதால் பாடசாலையைத் திறக்கவேண்டும் என்று கடிதம் வந்தது. பகுதிச் சேதக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் வீடு திரும்பவேண்டும். அதைத் தமிழில் சொல்ல யாரை அனுப்புவார்கள்? செவ்வாய்க்கிழமை மறுபடியும் மலை ஏறினேன்.

சொல்லி முடித்ததும் யோகேஸ்வரி எழுந்து நின்றாள்.

"எங்க மிஸ் போறது?"

"ஒங்கட வீட்டுக்குத்தான். ஒரு காம்பரா தானே ஒடஞ்சீக்கி. மத்தக் காம்பராவில கொஞ்ச நாளைக்கி ஈந்துக்கங்களே."

பின்னால் யாரோ ஓர் ஆள் சிரித்தார். யோகேஸ்வரி சிரிக்கவில்லை.

"மத்தக் காம்பராவுல மாரிமுத்து அண்ணன் குடும்பமில்ல இருந்தாங்க. அதுக்கு அடுத்ததுல சரோஜா அக்கா. அவங்கல்லாம் இந்தா, இங்கதான ஒக்காந்திருக்காங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. "அவங்க என்னத்துக்கு ஒங்கட வீட்டுக்குள்ள ஈந்த?"

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை அது. என்னை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு யோகேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், நீங்க எங்க லயத்தப் பாத்திருக்கீங்களா?"

பன்னிரண்டு இடத்தில் பார்த்தேன் என்று கையெழுத்து வைத்தவள் நான். "வாங்க மிஸ், பாதை தெறந்தாச்சு, நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று அவள் முன்னால் நடந்தாள்.

4. மேலே

தொழிற்சாலையைத் தாண்டியதும் சீட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று வந்தது. சமமான நிலம், மலைச்சரிவு எட்டத்தில் இருந்தது. சும்மா நடக்கப் பிடிக்காமல் அது என்ன என்று கேட்டேன்.

"புள்ளக் காம்பரா, மிஸ். வேலைக்குப் போறப்ப சின்னப் புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்."

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கட்டடம் முழுவதற்கும் பெயர் காம்பரா. உள்ளே இருக்கும் ஏதோ ஓர் அறைக்கு இல்லை. பன்னிரண்டு படிவமும் என் கண் முன் வந்து போயின.

"யோகேஸ்வரி, ஒரு காம்பரா எண்டா ஒரு குடும்பமா?"

"ஆமா மிஸ். ஒரு கதவு, ஒரு குடும்பம். வேற எப்படி?"

லயங்களை நான் பஸ் ஜன்னலால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை. அன்றைக்குத்தான் போனேன். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு கதவு. முன்னால் ஆள் நிற்கும் அளவில் ஓர் இஸ்தோப்புத் திண்ணை, அதற்குப் பின்னால் ஒரே ஓர் இடம். சமைப்பதும் படுப்பதும் பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். பின்சுவரை உடைத்துக்கொண்டு வந்த மண், யோகேஸ்வரியின் கட்டிலின் மேல் என் இடுப்பளவு நின்றது. பிள்ளைகளின் பாடசாலைப் பை ஒன்றின் வார் மட்டும் வெளியே தெரிந்தது. மேலே தேயிலை நிரைகளுக்கு நடுவே நீளமாக நிலம் பிளந்திருந்தது. என் கால் இறங்கும் அகலம்.

"இதுக்கு அடியில வந்து படுக்கச் சொல்றீங்க மிஸ்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் சத்தம் போடவில்லை.

ஒரு தாய் இரண்டு பெண் பிள்ளைகளோடு வெள்ளிக்கிழமை இங்கே வந்து படுக்கவேண்டும் என்று எழுதியது நான். பகுதி என்று எழுதியபடியால் எந்தப் பொறியியலாளரும் இந்தப் பிளவைப் பார்க்க வரவில்லை. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

5. கடிதம்

புதன்கிழமை காலை கந்தோரில் நிமலிடம் போனேன். பட்டியல் வேலைக்குப் பொறுப்பான எழுதுவினைஞர், நல்ல மனிதர், பத்து வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சிங்களத்தில் சொன்னார்.

"மிஸ், பிழை என்று எழுதாதீர்கள். 'பிறகு பெய்த மழையில் சேதம் கூடிவிட்டது' என்று ஒரு வரி போடுங்கள். புதிதாகப் பரிசோதனை கேட்கலாம். உங்கள் பெயர் எங்கேயும் வராது."

"எத்தனை நாள் எடுக்கும்?"

"ஒரு மாதம் என்று வையுங்களேன்."

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. பென்ஷனுக்கு எட்டு மாதம் இருந்தது. பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்து வைத்ததை ஒப்புக்கொண்டால் விசாரணை வரும், அதில் அநியாயமும் இல்லை. ஜன்னலுக்குப் போனேன், மேசைக்கு வந்தேன், மறுபடி ஜன்னலுக்குப் போனேன். மூன்று தேத்தண்ணி குடித்தேன். நிமலின் வரியை ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் வந்தது. கிழித்துப் போட்டேன்.

'நான் லயத்தைப் பார்க்கவில்லை. காம்பரா என்ற சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டேன். பன்னிரண்டும் முழுச் சேதம்.' இவ்வளவுதான் கடிதம். அதை எடுத்துக்கொண்டு பிரதேச செயலாளரின் அறைக்குப் போனேன்.

பிரதேச செயலாளர் வயதில் என் மகளாக இருக்கக்கூடியவர். இரண்டு தரம் வாசித்தார்.

"காம்பரா என்றால் காமரயதானே, மிஸ்?"

"உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் மேடம். அவர்களுக்கு அது வீடு."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மணியை அடித்து, மற்றத் தோட்டங்களின் படிவங்களையும் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாகப் புரட்டினோம். சில என் எழுத்து, சில வேறு ஆட்களின் எழுத்து. ஓர் அறை, பகுதி. ஓர் அறை, பகுதி. அந்தப் பக்கங்கள் புரளும் சத்தம் எனக்கு இன்னும் பிடிப்பதில்லை.

"விசாரணை அதன்பாட்டில் வரும், மிஸ். அதை என்னால் நிறுத்த முடியாது" என்றார். "முதலில் எல்லா இடத்துக்கும் ஏறுங்கள்."

6. வாசலில் நின்று எழுதியது

வியாழக்கிழமை பொறியியலாளர்கள் வந்தார்கள். பிளவைப் பார்க்க அவர்களுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. லயத்துக்கு ஒருவரும் திரும்பக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டி, தோட்டத்தை நடத்தும் துரையிடம் புள்ளக் காம்பராவின் சாவியை வாங்கினோம். வெள்ளிக்கிழமை பகலுக்குள் யோகேஸ்வரியுடையது உட்பட எட்டுக் குடும்பம் அங்கே போனது. மற்ற நான்கும் சொந்தக்காரர்களிடம் போயின. பாடசாலை திறந்தது.

புதுப் படிவங்களை இந்த முறை கதிரையில் இருந்து நிரப்பவில்லை. யோகேஸ்வரியின் உடைந்த வாசலில் நின்று எழுதினேன். எழுதியதை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"வீடு, முழுச் சேதம். சரிதானே?"

"வீடுன்னா எழுதினீங்க?"

"ஓ. ஏன்?"

"வீடு இல்ல மிஸ், அது காம்பரா. எங்கம்மா பொறந்ததும் இதுல, நான் பொறந்ததும் இதுல. வீடுன்னு ஒண்ணு எங்களுக்கு இனிமேத்தான் வரணும். இருந்துச்சு, போயிருச்சுன்னு எழுதிட்டா, வராமப் போயிருமில்ல."

படிவத்தில் வீடு என்ற ஒரு சொல்தான் அச்சாகியிருந்தது. அதை வெட்டினால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் வெட்டவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் தமிழில் எழுதினேன்: 'இது காம்பரா. வீடு இனிமேல்தான்.' முப்பது வருடத்தில் ஒரு சிங்களப் படிவத்தில் நான் தமிழில் எழுதியது அதுதான் முதல் தடவை. அது என்ன என்று மேடம் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நம்முடைய பாஷைதானே என்று நினைக்கும் இடத்தில்தான் கூடுதலாகக் கேட்கவேண்டும். தெரியாத பாஷையில் நாம் கவனமாக இருப்போம்; தெரிந்த சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். எழுதுவதற்கு முன் வாசலுக்குப் போங்கள். எது உடைந்தது என்று கையால் காட்டச் சொல்லுங்கள்.

என்னுடைய விசாரணை நடக்கிறது. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. காணி பார்த்தாகிவிட்டது என்கிறார்கள், அளக்கவேண்டும் என்கிறார்கள், அளந்த பிறகு இன்னொரு கையெழுத்து என்கிறார்கள். அந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேடிப் போகிறேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு யோகேஸ்வரி எனக்குப் போன் எடுப்பாள்.

"மிஸ், வீடு வந்திருச்சா?"

"இன்னம் இல்ல."

"சரி மிஸ். காம்பராவுலதான் இருக்கோம்."