குளிருக்காக ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குவைத்தில், ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விடிந்தும் விடியாத நேரத்தில் நடந்தது இது. நான் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கு இன்சார்ஜ். ரூம் ஃபர்வானியாவில். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. எங்கள் கரையில் ஆண் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தை உதைக்கவும் பழகிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு, பந்து அலைக்குள் போனால் எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான். நான் முதன்முதலாகக் காலில் பூட்ஸ் மாட்டி மைதானத்தில் இறங்கியது முப்பத்திரண்டு வயதில், அதுவும் ஒரு பாலைவன நாட்டில்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். சங்கத்து ஆண்கள் வருடாவருடம் ஃபுட்பால் லீக் நடத்துவார்கள். அந்த வருடம் நர்சுகள் நாங்களும் ஆடுவோம் என்று நின்றோம். அணிக்கு ஏழு பேராக ஆறு அணி தேறியது. எங்கள் அணிக்கு நான் கேப்டன். வாடகைக்கு எடுத்த மைதானத்தில் எங்களுக்குக் கமிட்டி ஒதுக்கிய நேரம் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. ஆண்களுக்கு மதியம் மூன்று மணி. கமிட்டியில் இருந்த எல்லாரும் ஆண்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிடைத்ததே பெரிது என்று நாங்களும் வாங்கிக்கொண்டோம். அக்டோபரில் அது நல்ல நேரம்தான்.

வளைகுடா என்றால் வருடம் முழுக்க வெயில் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். கோடையில் ஐம்பது டிகிரி அடிப்பதும் உண்மைதான். அப்போது மைதானத்தில் செருப்போடு நிற்கக்கூட முடியாது. கோடைக்கு முன்னால் புழுதிக்காற்று. ஆக, ஆடுவதற்கென்று மிஞ்சுவது அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டும். அதிலும் டிசம்பர் கடைசியில் வடக்கேயிருந்து ஒரு காற்று கிளம்பி வரும். விடியற்காலையில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொடையில் பந்து பட்டால் கல் பட்டது மாதிரி இருக்கும்.

டிசம்பர் கடைசியில் சங்கத்துச் செயலாளர் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "பெண்பிள்ளைகளுக்கு இந்தக் குளிரு ஆவாது. ரெண்டு மாசம் நிறுத்தி வைப்போம். மார்ச்சில பாக்கலாம்." ஆண்கள் லீக் மட்டும் வழக்கம்போல நடக்குமாம். எங்களுடைய அந்தக் காலை ஆறு மணியை ஆண்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தற்காலிகமாக நிறுத்துவது' என்றால் என்னவென்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தைய வருடம் பெண்களுக்கான த்ரோபாலை நோன்பு மாதத்துக்காகத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அந்த வலை இன்னும் யாரோ ஒருவர் வீட்டு பால்கனியில்தான் கிடக்கிறது. அதோடு, ஷிஃப்டில் வேலை பார்க்கிற ஏழு நர்சுகளை ஒரே வெள்ளிக்கிழமை காலையில் ஒரே இடத்தில் நிறுத்துவது லேசான காரியம் இல்லை. ஒருத்தியின் நைட் டியூட்டியை இன்னொருத்தி எடுக்க வேண்டும், அவளுடைய கிறிஸ்துமஸ் லீவை மூன்றாமவள் விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கெஞ்சிக் கூத்தாடிக் கட்டிய ஏற்பாடு அது. இரண்டு மாதம் விட்டால் ஆளுக்கொரு திசைக்குப் போய்விடும். நிறுத்தினால் பெண்கள் லீக் அத்தோடு சரி.

வெள்ளிக்கிழமைதான் அங்கே எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே செயலாளர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரம் வாதம். கடைசியில் அவர் இறங்கி வந்தார், அதுவும் ஒரு கண்ணியோடு.

"செரி, ஜனவரில ரெண்டு வெள்ளி ஆடிப் பாருங்க. ஒருத்திக்கு ஒண்ணு ஆச்சுன்னா கலாஸ். பொறவு பேச்சே கெடையாது."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த சூட்டில் எங்கள் அணிக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். மைதானத்தில் யாரும் 'குளிருது' என்று சொல்லக் கூடாது. சொன்னால், மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு கூடுதலாக ஓட வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் பட்டது. முதல் வெள்ளிக்கிழமை ஒருத்தி "ஐயோ, குளி..." என்று ஆரம்பித்துவிட்டு "குளிச்சிட்டு வந்தேன்" என்று முடித்தாள். பற்கள் கிடுகிடுக்க ஆடி ஜெயித்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செயலாளர் அண்ணனுக்கு மைதானத்திலிருந்தே படம் அனுப்பினேன்.

எங்கள் அணியில் ஒரு அக்கா இருந்தார். வயது முப்பத்தெட்டு, குழந்தைகள் வார்டில் நர்ஸ். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஊரில் அப்பாவோடு இருக்கிறார்கள். அணியிலேயே வேகமாக ஓடுகிறவர் அவர்தான். ஆட்டம் முழுக்க அவருடைய போன் கோல்கம்பத்தில் சாய்ந்து நிற்கும். அம்மா ஓடுவதைப் பிள்ளைகள் வீடியோ காலில் பார்ப்பார்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை காற்று இன்னும் மோசம். செயலாளர் அண்ணன் ஜாக்கெட்டும் குல்லாவுமாகக் காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளைக்குக் கொஞ்ச நேரம் முன்பு அக்கா வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோனார். பாதி தூரத்தில் நின்றார். முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தார். மூச்சு வாங்குகிறார் போலும் என்று நினைத்து, நான் பின்னாலிருந்து "அக்கா, யல்லா, யல்லா! ஓடுங்க!" என்று கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கத்தல் என் காதில் கேட்கிறது. அவர் நிமிரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிட்டே ஓடிப்போனதும் விசில் மாதிரி அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. நர்சுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "இன்ஹேலர் இருக்கா?" என்றேன். கையை நாங்கள் வந்த காரின் பக்கம் நீட்டினார். அதில் இருந்த பையின் அடியில், துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தார். நிமிர்த்தி உட்கார வைத்து மருந்தை ஒவ்வொரு முறையாக இழுக்க வைத்து, மூக்கையும் வாயையும் சேர்த்து ஷாலைச் சுற்றினோம். பதினான்கு பேர் ஆட வந்த இடத்தில் பதினான்கு பேரும் நர்ஸ். அந்த வகையில் அக்கா கொடுத்துவைத்தவர். பத்து நிமிடத்தில் பேசினார். பேசிய முதல் வார்த்தை "போனைத் திருப்பி வையுங்க, பிள்ளைங்க பாக்குதுவ" என்பதுதான்.

கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போய் நெபுலைசர் வைத்து மதியத்துக்குள் ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் செயலாளர் அண்ணனின் அடுத்த வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. "நான் அப்பமே சொன்னேம்லா" என்று ஆரம்பித்தது. பெண்கள் லீக் நிறுத்தப்படுகிறது, கலாஸ்.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் அக்காவின் ரூமுக்குப் போனேன். போகும்போது மனசுக்குள் அவர்மேல்தான் கோபம். ஆஸ்துமா இருப்பதை முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த ஒரு காலை மட்டும் அவரை உட்கார வைத்திருப்பேன், லீக்கும் போயிருக்காது. அதை அப்படியே கேட்டும் விட்டேன்.

அக்கா கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "எப்பிடிச் சொல்லுவேன் மக்ளே? குளிருதுன்னு சொன்னாலே ஓட விடுவேன்னு நீதான சொன்ன."

"அது வெளையாட்டுக்கு அக்கா."

"ஒனக்கு வெளையாட்டு. ஆடக்கூடாதுன்னு அவிய முடிவு பண்ணினாவ. எங்களுக்குக் குளிராதுன்னு நீ முடிவு பண்ணின. ரெண்டு பேருமே எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லியே."

என் வார்டுக்குக் கட்டட வேலைக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று வலியை மறைப்பார்கள். எதைக் கேட்டாலும் "மாஃபி வலி, சிஸ்டர்" என்பார்கள், வலியே இல்லையாம். சொன்னால்தானே தெரியும் என்று அவர்களிடம் நான் எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கிறேன்! எத்தனை பேரைப் பயிற்சி நர்சுகள் முன்னாலேயே திட்டியிருக்கிறேன்! அப்படிப்பட்ட நானே என் அணியில் ஒருத்தரை மூச்சுத் திணறலை மறைக்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

"அழுதது போதும்" என்றார் அக்கா. "நிறுத்த விட்டுருவியா?"

விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, ஆறு அணியின் கேப்டன்களும் அக்காவும் கோயில் வாசலிலேயே கூடினோம். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒருத்திக்குக் குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகுமாம். ஒருத்திக்கு முட்டியில் பழைய அடி. ஒருத்தி நைட் டியூட்டி முடித்து நேராக வருவதால் உடம்பு சூடாகவே மாட்டேன் என்கிறதாம். மூன்று மாதமாக ஒருவரும் மூச்சுவிட்டதில்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, லீக்கை நிறுத்தலாமா என்று கேட்டால் ஏழு பேரில் ஒருத்தர்கூடச் சரி என்று சொல்லவில்லை. பிரச்சினை குளிர்காலம் இல்லை, காலை ஆறு மணி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதியம் மூன்று மணிக்கு அதே மைதானத்தில் இளம்வெயில் அடிக்கும். அந்த நேரம் யாரிடம் இருந்தது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஏழு பேரும் செயலாளர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காதான் பேசினார்.

"அண்ணே, எனக்கு இழுப்பு இருக்கு, பதினஞ்சு வருசமா இருக்கு. அத வச்சித்தான் டியூட்டி பாக்கியேன், ரெண்டு பிள்ள பெத்தேன். எனக்கு எது ஆவும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும். ஒங்க ஆட்டத்துக்கு ஃபர்ஸ்ட் எய்டு பையோட மூணு மணில இருந்து ஏழு மணி வரைக்கும் எங்களத்தான் உக்கார வைக்கிய. அஞ்சு மணிக்குப் பொழுது எறங்கிரும். அப்பம் அடிக்கிற காத்து எங்களுக்கு ஒத்துக்கிடுது, ஆடுனா மட்டும் ஒத்துக்கிடாதோ?"

பிறகு நான் கேட்டேன், ஜனவரியும் பிப்ரவரியும் மூன்று மணியை எங்களுக்குக் கொடுங்கள், ஆறு மணிக்கு நீங்கள் ஆடுங்கள், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும்தானே என்று. ஆறு மணியைப் பயிற்சிக்குக் கேட்ட அதே கமிட்டியில் ஒருவர் பதறிப்போய், வாரத்தில் அந்த ஒரு நாள் காலையிலாவது உறங்க வேண்டாமா என்றார். செயலாளர் அண்ணனின் மனைவியும் எங்கள் லீக்கில் ஆடுகிறவர்தான், வேறொரு அணியின் கோல்கீப்பர். டீ கோப்பைகளை எடுக்க வந்தவர் அப்படியே நின்று கணவரைப் பார்த்தார்.

"மூணு மாசமா நான் அஞ்சு மணிக்கு எந்திச்சிப் போறேன். நீங்க போர்த்திக்கிட்டுதான கெடந்திய?"

சிரிப்பை அடக்க முடியாமல் முதலில் சிரித்தது கமிட்டிக்காரர்கள்தான். அத்தோடு அவர்கள் தோற்றார்கள்.

மூன்று மணி எங்களுக்கு வந்தது. ஆண்கள் ஆறு மணிக்கு ஆடினார்கள், இரண்டே இரண்டு வாரம். மூன்றாவது வாரம் செயலாளர் அண்ணனிடமிருந்து மெசேஜ்: குளிர் அதிகமாக இருப்பதால் ஆண்கள் லீக்கை மார்ச் வரைக்கும் தள்ளி வைக்கலாமா? நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த மெசேஜைப் போட்டுக் காட்டினேன். ஆனாலும் நிறுத்த வேண்டாம் என்றுதான் பதில் அனுப்பினேன். முடியாதவர் அன்றைக்கு உட்காரட்டும், முடிகிறவர் ஆடட்டும், ஆட்டம் எதற்கு நிற்க வேண்டும்? ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மூன்று மணியை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது என்று முடிவானது. எங்கள் முறை ஆறு மணி வந்தபோது, வேண்டாம் என்றவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. ஐந்து பேரோடும் ஆடியிருக்கிறோம், தோற்றும் இருக்கிறோம்.

அக்கா ஆறு மணி ஆட்டத்துக்கு வருவதில்லை. மூன்று மணி ஆட்டத்துக்கு, இன்ஹேலரை எல்லாரும் பார்க்க ஓரக்கோட்டில் வைத்துவிட்டு இறங்குவார். பிப்ரவரி கடைசி வெள்ளியன்று கையைத் தூக்கி "எனக்கு முடியல்ல, ஆள மாத்து" என்று அவரே வெளியே வந்தார். ஷாலைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு அவரே எழுந்து, மறுபடியும் போகிறேன் என்றார். அவரைத் தடுக்கத்தான் மனம் சொன்னது. ஆனாலும் போகச் சொன்னேன். கோல் எதுவும் போடவில்லை. கடைசி விசில் வரைக்கும் மைதானத்துக்குள்ளேயே நின்றார், அது போதும்.

பெண்கள் லீக் இந்தக் குளிர்காலமும் நடக்கிறது. எட்டு அணி. இப்போதெல்லாம் யாருக்காகவும் சண்டைக்குப் போவதற்கு முன்பு அந்த ஆளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறேன். அப்படிக் கேட்டுவிட்டுப் போன சண்டை எதிலிருந்தும் நான் இதுவரை பாதியில் திரும்பி வந்ததில்லை.